கேஸ் மாத்திரை கேட்டு வருகிறவர்கள்

டெல்டா பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் எனக்கு மருந்தாளுநர் வேலை. மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன், 'எனக்கு மனச்சோர்வு' என்று வாயைத் திறந்து சொன்னவர் அநேகமாக யாருமே இல்லை. நெஞ்சு எரிச்சல், கை கால் குடைச்சல், தலைபாரம், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு தட்டினால் அப்புறம் விடிகிற வரைக்கும் தூக்கமே இல்லை, இப்படித்தான் வருவார்கள். சீட்டில் பான்டோபிரசோல் என்கிற கேஸ் மாத்திரையும் பி காம்ப்ளக்ஸும் இருக்கும். வாங்கிப் போவார்கள், கொஞ்ச நாளில் அதே கதையோடு திரும்ப வந்து நிற்பார்கள். அவர்கள் சொல்கிற வலியில் பொய் எதுவும் கிடையாது. மனச்சோர்வு உடம்பிலும் தெரியும், நம் ஊரில் உடம்புக்குத்தானே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறோம்.

வெளியாட்கள் கதை இருக்கட்டும். எங்கள் லேப் டெக்னீஷியன் தம்பியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன் (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சிலதை மாற்றியும் இருக்கிறேன்). ரிஜிஸ்டரைப் பார்த்தாலே தெரியும், அச்சடித்த மாதிரி எழுதுவார். அந்த எழுத்து முதலில் கோணலானது, அப்புறம் முந்தின நாள் பதிவையெல்லாம் மறுநாள் சாயங்காலம் உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தார். எல்லாருக்கும் முன்னால் வேலைக்கு வந்துவிடுவார், அதைச் சுறுசுறுப்பு என்று பாராட்டினார்கள், தூக்கம் கெட்ட மனுஷன் வீட்டில் கிடக்க முடியாமல் வருகிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. டீ குடிக்க வருவதை விட்டார். கேட்டால் கேஸ் என்பார், என்னிடமே மாத்திரை வாங்குவார்.

இதில் கொடுமை என்னவென்றால், தன் ரத்தத்தைத் தானே எடுத்துச் சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்திருக்கிறார், தைராய்டுக்கு வெளியே கொடுத்தும் பார்த்திருக்கிறார். "எல்லாம் நார்மல்னு வந்துருச்சுண்ணே, அப்ப எனக்கு என்னதான் வந்திருக்கு, நான்தான் சோம்பேறியாயிட்டனா?" என்றார். தைராய்டு குறைந்தாலோ ரத்தசோகை இருந்தாலோ இதே மாதிரி அசதியும் மந்தமும் வரும், அதனால் அந்தச் சோதனைகள் தேவைதான். ஆனால் ரிசல்ட் நார்மல் என்பதற்கு ஆளுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம் கிடையாது, இனி வேறு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். வருத்தமோ, எதிலும் ஈடுபாடு இல்லாத வெறுமையோ இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம், தெம்பு எல்லாம் கெட்டிருந்தால் மனநல மருத்துவரிடம் போய்விட வேண்டும். கோயிலுக்குப் போ, நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போ என்று சொல்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, லீவு போட்டால் சரியாகிற களைப்பு வேறு.

அன்றைக்கு லேபில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நேராகவே கேட்டேன், செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறதா என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை என்பதுதான் ஆராய்ச்சிகளில் தெரியவந்தது. தம்பி கொஞ்ச நேரம் சென்ட்ரிஃபியூஜ் மூடியையே துடைத்துக்கொண்டிருந்தார். "சாகணும்னு இல்லண்ணே. காலைல எந்திரிக்காமயே போயிட்டா தேவலைன்னு இருக்கு." இதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று சாயங்காலமே வீட்டில் மனைவியிடம் சொல்ல வைத்தேன்.

மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வருகிறார், அந்த அறை லேபுக்குப் பக்கத்தில்தான். ஆனால் தம்பி அந்த வாசலில் நிற்கவே மாட்டேன் என்றுவிட்டார். வார்டு ஆயாவிலிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர் வரை எல்லாரும் பார்ப்பார்கள், சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏறிவிடும், 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று பேர் வைத்துவிடுவார்கள். சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஓபி சீட்டை யாரும் ஒட்டுவதில்லை, 2017 மனநலச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது, இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். கேலி பேசுகிறவர்கள் வாயைச் சட்டம் மூடிவிடாது என்பதும் உண்மைதான். சரி, தெரிந்த முகம் இல்லாத ஊருக்குப் போவோம் என்று பக்கத்து மாவட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். மருத்துவம் அறிந்தவர்களே இப்படி ஒளிந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது என்றால் மற்றவர்கள் பாடு என்ன? அந்த அளவுக்குக்கூட முடியாதவர்கள் 14416-க்குக் கூப்பிடலாம், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அங்கே டாக்டர் எழுதிக் கொடுத்தது எஸ்சிட்டாலோபிராம், மனச்சோர்வுக்கான மாத்திரை. இங்கேதான் என் வேலை உதவியது. இந்த மாத்திரைகள் போட்ட மறுநாளே கேட்காது, வித்தியாசம் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். ஆனால் குமட்டலும் வயிற்றுப் புரட்டலும் முதல் வாரமே வந்துவிடும். ஏற்கெனவே கேஸ் என்று நம்புகிறவருக்கு வேறு என்ன வேண்டும், மாத்திரை சேரவில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவார். பாதிப் பேர் சிகிச்சை இப்படித்தான் நின்றுபோகிறது என்பது என் கணிப்பு. சாப்பிட்ட பிறகு போடு, குமட்டல் சில நாளில் அடங்கும், இது தூக்க மாத்திரையும் இல்லை, போதை மாதிரி பழகிக்கொள்கிற சமாச்சாரமும் இல்லை, அதற்காகத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், என்று பஸ்ஸிலேயே பாடம் எடுத்தேன். முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் பசிக்கிறது என்றார்.

இப்போது நன்றாகத்தான் இருக்கிறார், ரீஏஜென்ட் வரவில்லை என்று ஸ்டோரோடு சண்டை போடுகிற அளவுக்கு. "அதான் நல்லாயிட்டனே, நிறுத்திரவாண்ணே?" என்று போன வாரம் கேட்டார். குணமான பிறகும் ஆறு மாதமாவது போட வேண்டும், நிறுத்தும்போதும் டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். அடுத்த ரிவ்யூவுக்கு அவரே தனியாகப் போகிறாராம்.