மூன்று கிண்ணங்கள்

2024 டிசம்பர் 8, ஞாயிறு, ஏற்காடு

இந்த வருடப் பறிப்பின் முதல் அராபிகா காப்பி காய்ந்து, வறுபட்டு, இன்று மேசைக்கு வந்தது. கிண்ணத்துக்கு எட்டேகால் கிராம் தூள், 150 மில்லி வெந்நீர், நான்கு நிமிடம். மேலே கெட்டியாக எழுந்து நிற்கும் தூளைக் கரண்டியால் விலக்கி, மூக்கைக் கிண்ணத்துக்குள் நுழைத்து மோந்து பார்க்க வேண்டும். பிறகு கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். என் பிறந்த வீட்டில் அப்படி உறிஞ்சினால் அடி விழும். இங்கே உறிஞ்சாவிட்டால் திட்டு விழுகிறது.

சொல்லித்தரும் பெரியவர் தோட்டக் கம்பெனிகளுக்குக் காப்பி சுவைத்தே ஓய்வு பெற்றவர். மூன்று கிண்ணங்கள் வைப்பார். இரண்டு ஒரே காப்பி, ஒன்று வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடி விரலை நீட்டினாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். என் நாக்கு அந்தக் குருட்டு விரலைத் தாண்டிப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.

டிசம்பர் 11, புதன்

உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு வருடமாகக் காலையில் ஊறுகாய் கிடையாது, பச்சை மிளகாய் கிடையாது. சமையலறை அலமாரியில் வரிசையாக டப்பாக்கள்: எலுமிச்சைத் தோல், நாட்டுச் சர்க்கரை, ஏலம், நறுக்கிய புல், நனைந்த சணல் சாக்குத் துண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு மோந்து பெயர் சொல்வேன். இப்போது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறேன்.

ஆனால் கிண்ணத்தில் எல்லாம் கலந்துவிடுகின்றன. "இதில் ஆரஞ்சுத் தோல் வாசனை இருக்கிறதே, அம்மா" என்று பெரியவர் சொன்னதும், ஆமாம், இருக்கிறது. அவர் வாய் திறக்கும் வரை இல்லை.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று அத்தை ஆறுதல் சொன்னார். அந்தப் பாட்டு பிறவிக் குணத்தில்தான் போய் முடிகிறது. அதுவரை யாரும் சொல்வதில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

கிண்ணம் கழுவ மேஸ்திரியின் மகன் வந்திருந்தான். பதினேழு வயது. மீதியைக் கொட்டப் போனவன் நின்று, "அக்கா, இது மட்டும் புளித்த மாவு மாதிரி அடிக்கிறதே" என்றான். நான் அதே கிண்ணத்தை இரண்டு முறை உறிஞ்சி, மற்றவற்றோடு வித்தியாசமில்லை என்று எழுதியிருந்தேன். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரம் மக்கர் செய்த அன்று பழங்கள் இரவெல்லாம் சாக்கில் கிடந்தன. அந்தக் காப்பிதான் அது.

பெரியவர் அவனை உட்கார வைத்து, கிண்ணங்களை இடம் மாற்றி மாற்றி வைத்தார். அவன் ஒருமுறைகூடப் பிசகவில்லை. கடைசியில் மேல்சரிவுக் காப்பிக் கிண்ணங்களையும் கீழ்ச்சரிவுக் காப்பிக் கிண்ணங்களையும் கலந்து வைத்தார். அதையும் பிரித்துவிட்டான். உறிஞ்சக்கூடத் தெரியவில்லை, மருந்து குடிப்பதுபோல் விழுங்கினான்.

பெரியவர் சிரித்த சிரிப்பை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன?

டிசம்பர் 17, செவ்வாய்

படித்ததைக் குறித்து வைக்கிறேன். 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு எதுவுமே தெரியவில்லை. அந்த வேறுபாடு பெற்றோர் வழி வருவது என்பது விரைவிலேயே தெரிந்தது. அதற்குரிய மரபணுவை 2003-இல் அடையாளம் கண்டார்கள்.

காப்பியின் சுவை அந்த ஒரு மரபணுவில் அடங்கிவிடாது. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. மனித மூக்கில் சுமார் 400 வகை உணர்விகள். அவையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. பயிற்சியால் மூக்கு தேறும் என்பதும் உண்மை, நானே ஓரளவு தேறியிருக்கிறேன். ஆனால் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து புறப்படவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று மேசைக்குப் போகவில்லை. மிளகுக் கொடிகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பள்ளி ஆண்டு விழாவுக்குச் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஒருவர் வந்து, உழைத்தால் எதுவும் முடியும் என்று பேசிவிட்டுப் போவார். உழைத்து முடிந்தவர் கையில்தான் மைக்கைக் கொடுக்கிறார்கள். உழைத்தும் முடியாதவர் கீழே நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். பெங்களூருவுக்குச் சுவைப் பயிற்சிக்கு அனுப்புகிறேன், கட்டணம் என்னுடையது என்றேன். தலையைச் சொறிந்தான்.

"வேண்டாம் அக்கா. சேலத்தில் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் சேரப் போகிறேன்."

"இந்த நாக்கு எத்தனை பேருக்கு வாய்க்கும், தெரியுமா?"

"எனக்குக் காப்பியே பிடிக்காது அக்கா. வீட்டில் டீதான்."

கோபத்தில் எழுந்து போய்விடலாம் போலிருந்தது. நான் எதற்காக இரண்டு வருடம் ஊறுகாயை விட்டேனோ, அது இவனிடம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஆனாலும் பிடிக்காததைச் செய் என்று எந்த வாயால் சொல்வது?

பேரம் பேசினோம். படிப்பு தொடங்கும் வரை ஞாயிறு காலை மட்டும் வர வேண்டும், ஒரு நாள் பறிப்புக் கூலி. குடிக்க மாட்டேன், துப்பிவிடுவேன் என்றான். துப்புவதுதான் முறை என்றதும் சம்மதித்துவிட்டான். அவன் "புளித்த மாவு" என்பான். வாங்குகிறவர்களுக்குப் புரிகிற பாஷையில் அதை எழுதி அனுப்ப என்னிடம் சொற்கள் இருக்கின்றன.

அடுத்த ஞாயிறு கீழ்ச்சரிவுக் காப்பி. அதற்குள் பல்பரின் பெல்ட்டை மாற்றியாக வேண்டும். அதையும் அவனையே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.