மாமனார் நோட்டும் பதினாறு இஞ்ச் அலாயும்

ஈரோட்டு மாமனார் ஒருவர் தன் ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐ காரை மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். கூடவே ஒரு நோட்டு. பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர் எல்லாம் அதில் உண்டு, சராசரி லிட்டருக்கு 20 கி.மீ. மாப்பிள்ளை முதல் வேலையாக டயர் கடைக்குப் போய், 165/80 ஆர்14 ஸ்டீல் வீலைக் கழற்றிவிட்டு, 16 இஞ்ச் அலாயில் 205/60 மாட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த 20 லிட்டருக்கு மீட்டர் காட்டியது 340.

"ஏனுங்க மாப்ளே, பதினேழுதான் வருது. வண்டி பெட்ரோல் குடிக்குதுங்களா, ஒழுகுதுங்களா?"

"அலாய் வெயிட் கம்மி மாமா, மைலேஜ் ஏறத்தான் செய்யும்னு கடைக்காரர் சொன்னாரே!"

முதல் திருடன் மீட்டர். டயர் எண்ணில் முதலாவது அகலம் (மி.மீ.), அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. பழைய டயரில் 165-இன் 80% என்றால் 132 மி.மீ.; மேலும் கீழுமாக 264. ரிம் 14 × 25.4 = 355.6. மொத்த விட்டம் 619.6 மி.மீ. புதியதற்கு இதே கணக்கில் 652.4. அதாவது 5.3% பெரிது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை வைத்துத்தான் மீட்டர் தூரம் சொல்கிறது. ஆகவே 340 காட்டினால் வண்டி ஓடியது 358, மைலேஜ் 17.9. (வேகமும் அப்படியே. மீட்டர் 80 காட்டினால் வண்டி போவது 84. கேமரா வைத்திருக்கும் இடத்தில் இந்த விளக்கம் எடுபடாது.)

மாமனார் 17-ஐ அடித்துவிட்டு 17.9 என்று எழுதினார். மாப்பிள்ளை முகம் மலர்ந்தது.

"சரிங்க, மீதி ரெண்டு பாயின்ட் ஒண்ணு எங்க?"

பெரும்பங்கு ரப்பர் கலவையில் போகிறது. டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதில் வீணாகும் சக்திதான் உருளும் தடை. ஐரோப்பிய லேபிளில் ஏ தர டயருக்கு இது வண்டி எடையில் டன்னுக்கு 6.5 கிலோ விசைக்குள் இருக்கும்; கடைசித் தரமான ஈ 10.6-இல் தொடங்கும். ஆளோடு ஒரு டன் வரும் காரில் தடை 8 கிலோவாக இருந்த டயருக்குப் பதில் 11 கிலோ தடையுள்ள டயர் போட்டால், நாள் முழுக்க யாரோ 3 கிலோ விசையில் பின்னால் இழுக்கிறார்கள். பெட்ரோலின் ஆற்றலில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்தால், 100 கி.மீ.க்குச் சுமார் 0.37 லிட்டர் கூடுதல். 20 என்பது 18.6 ஆகிவிடும். அகலத்தைவிட இதுதான் முக்கியம். நம்மூரிலும் டயருக்கு நட்சத்திர லேபிள் வந்துவிட்டது. விலை கேட்கும் முன் அதைக் கேளுங்கள்.

அந்த 1.4 போக மிச்சம் 0.7. அலாய் லேசு என்பது ஒரே அளவு ரிம்களை ஒப்பிட்டால் பெரும்பாலும் சரி. 16 இஞ்ச் அலாயும் அகல டயரும் சேர்ந்தால் 14 இஞ்ச் ஸ்டீலைத் தாண்டிவிடும். சந்தேகமிருந்தால் வீட்டுத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். விளிம்பில் கூடும் எடையை உருட்டவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் சிக்னலுக்குச் சிக்னல் அது கிட்டத்தட்ட இரு மடங்காக வலிக்கும். நெடுஞ்சாலையில் அவ்வளவு தெரியாது. சக்கரம் பெரிதானால் கியரும் நீண்டுபோகும். நான்காவதில் ஏறிய பாலத்துக்கு மூன்றாவது கேட்கும்.

புது டயரின் முழுப் பட்டனும் தேய்ந்த டயரைவிடக் கூடுதலாகத் தடுக்கும். ஒரே அளவில் மாற்றினால்கூட முதல் சில ஆயிரம் கி.மீ. மைலேஜ் குறைவதற்கு இதுதான் காரணம்.

மாப்பிள்ளை கண்ட வழி: "காத்த நாப்பது அடிச்சுட்டா சரியாயிடும் மாமா." ஆகாது. நடுப்பட்டன் தேயும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுதான் அளவு. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். நாலு டயரிலும் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2% போகும்.

அலாய் வேண்டவே வேண்டாம் என்றில்லை. இதே ஸ்விஃப்டின் மேல்நிலை மாடலில் கம்பெனியே 185/65 ஆர்15 போடுகிறது, விட்டம் 621.5, இரண்டு மி.மீ.கூட வித்தியாசமில்லை. 16தான் வேண்டுமென்றால் 195/55 (620.9). ஃபெண்டரில் உரசாத ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கிறது என்ற அளவு), ஹப்பில் ஆடாத நடுத்துளை, குறையாத லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடைக்கான எண்), மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கியில் ஸ்டெப்னி மட்டும் இன்னும் 14 இஞ்ச். முன்சக்கரம் பஞ்சரானால் அதை முன்னால் மாட்டக் கூடாது. வண்டியை இழுப்பது முன்சக்கரங்கள்தான்; இரண்டும் வேறு வேறு அளவானால், இடது வலது வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும். பின்சக்கரம் ஒன்றை முன்னால் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் போட்டு மெதுவாகப் போக வேண்டும்.

"அந்தப் பழைய நாலு வீலு எங்கிங்க மாப்ளே?"

"கடைக்காரர் எடுத்துக்கிட்டாரு மாமா. அதுக்குப் பதிலா அலைன்மென்ட், பேலன்சிங் ரெண்டும் ஃப்ரீ."