நோட்டரிய டெம்ப்ளேட்ல எங்க சொருகறது?

அமெரிக்க லோன் கம்பெனிகளுக்கு சென்னைல உக்காந்து கோட் எழுதற டீம்ல இருந்தீங்கன்னா ஈ-சிக்னேச்சர் ஏபிஐ, அதாவது ஆன்லைன்ல கையெழுத்து வாங்கற சர்வீஸ நம்ம கோட்லேர்ந்து கூப்பிடற வழி, எப்படியும் கைக்கு வந்துரும். பாதி வேலை சுலபம்தான். டாக்குசைன் அப்படி ஒரு சர்வீஸ், அதுல டெம்ப்ளேட் ரெடியா இருக்கும், பாரோயர் (கடன் வாங்கறவர்), கோ-பாரோயர்னு ரோல் போட்டு வெச்சிருப்பாங்க, நாம டெம்ப்ளேட் ஐடியோட ஒவ்வொரு ரோலுக்கும் பேரு, ஈமெயில் குடுத்து அனுப்பினா என்வலப், அதாவது கையெழுத்துக்குப் போற டாக்குமென்ட் கட்டு, கிளம்பிரும். அப்பறம் கிளையன்ட் சைடுலேர்ந்து மெதுவா சொல்லுவாங்க, பவர் ஆஃப் அட்டர்னிக்கு நோட்டரியும் வேணும்னு. அங்கதான் ஆட்டம் மாறும்.

எங்க கைக்கு வந்த டெம்ப்ளேட்ல நோட்டரின்னு ஒரு ரோல் ஏற்கனவே இருந்துச்சு, பழைய வெண்டர் யாரோ செஞ்சது. திறந்து பாத்தா அது சாதாரண சைனர் ரோல், பேரு மட்டும்தான் நோட்டரி. மெயில் போகும், கையெழுத்து விழும், கம்ப்ளீட்டட்னு ஸ்டேட்டஸ் வரும், ஆனா ஐடி செக் கிடையாது, வீடியோ கிடையாது, சீல் கிடையாது, அதாவது நோட்டரைஸ் ஆகவே இல்ல. எர்ரர் வந்தா கூட பரவால்ல, இந்த மாதிரி அமைதியா பாஸ் ஆகறதுதான் எனக்கு பயம்.

டீம்ல புதுசா சேந்த பையன் கேட்டான், "அண்ணா, நோட்டரியும் கையெழுத்துதானே போடறாங்க, ரவுட்டிங் ஆர்டர்ல ரெண்டாவதா போட்டா போதாதா?" ரவுட்டிங் ஆர்டர்னா யாருக்கு மொதல்ல போகணும், யாருக்கு அடுத்துங்கற வரிசை. நியாயமான கேள்விதான். "பத்திர ஆபீஸ்ல சார்பதிவாளரும்தான்டா கையெழுத்து போடறாரு, அவர சாட்சி லிஸ்ட்ல சேப்பியா?"ன்னேன். சிரிச்சான், புரிஞ்சிருச்சு.

அமெரிக்காவுல ஈ-சைன் சட்டம் 2000லயே வந்தாச்சு, எலக்ட்ரானிக் கையெழுத்து செல்லும், நோட்டரியோட கையெழுத்தும் எலக்ட்ரானிக்கா இருக்கலாம். ஆனா நோட்டரி முன்னாடி ஆள் நேர்ல வரணுமாங்கறத ஒவ்வொரு ஸ்டேட்டும் தானா முடிவு பண்ணுது. வீடியோல வந்தா போதும்னு மொதல்ல சொன்னது வர்ஜீனியா, 2011ல சட்டம், 2012 ஜூலைலேர்ந்து அமல். அப்பறம் சில ஸ்டேட் சேந்தாங்க, 2020ல கோவிட் வந்தப்பறம் இன்னும் நிறைய ஸ்டேட் வரிசையா வந்தாங்க. கலிபோர்னியா 2023லதான் சட்டம் போட்டுச்சு, அதுவும் அங்க இருக்கற நோட்டரிங்க ஆன்லைன்ல ஆரம்பிக்க 2030 வரைக்கும் கூட ஆகலாங்கற மாதிரி. பொதுவா ஆளோட ஐடி கார்ட ஸ்கேன் பண்ணி சரி பாக்கணும், கிரெடிட் ஹிஸ்டரிலேர்ந்து பழைய அட்ரஸ் எது, கார் லோன் எங்க வாங்கினன்னு கேள்வி வரும், செஷன் முழுக்க ரெக்கார்ட் ஆகும். இதெல்லாம் பின்னாடி ஓடணும்னா இவர்தான் நோட்டரின்னு சிஸ்டத்துக்கு தெரிஞ்சாகணும்ல.

அதனாலதான் ஏபிஐல நோட்டரிங்க, சைனர்ஸ்குள்ள வராம தனி லிஸ்ட்டா இருக்காங்க, சைனர்ல நோட்டரி ஐடின்னு ஒரு ஃபீல்டு இருக்கும், அதுல அந்த நோட்டரியோட ரெசிபியன்ட் ஐடிய (என்வலப் போற ஒவ்வொருத்தருக்கும் நாம குடுக்கற நம்பர்) போடணும். யாரு யாரு முன்னாடி கையெழுத்து போடறாங்கன்னு அங்கதான் கட்டறோம், ரவுட்டிங் ஆர்டர் அத சொல்லாது. சீலுக்கும் தனி டேப், டேப்னா டாக்குமென்ட்ல கையெழுத்தோ சீலோ விழற இடம். மொதல்ல சொன்ன மாதிரி டெம்ப்ளேட் ஐடியோட அனுப்பற டெம்ப்ளேட் ரோல்ஸ்ல இந்த நோட்டரி ஐடி குடுக்க இடமே கிடையாது, அது இருக்கற ரோல நிரப்பத்தான். அதனால ஒரு டெம்ப்ளேட் மேல இன்னொண்ண அடுக்கி சேக்கற காம்போசிட் டெம்ப்ளேட்டுக்குப் போனோம். டாக்குசைன்ல ஏற்கனவே இருக்கற சர்வர் டெம்ப்ளேட் சீக்வன்ஸ் 1, அது மேல நாம கோட்லயே எழுதி அனுப்பற இன்லைன் டெம்ப்ளேட் சீக்வன்ஸ் 2, இன்லைன்ல நோட்டரியும் அவரோட கட்டின சைனரும்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. இன்லைன்ல குடுக்கற சைனரோட ரோல் பேரும் ஐடியும் டெம்ப்ளேட்ல இருக்கறதோட பொருந்தலன்னா ரெண்டும் ஒண்ணா சேராம ஒரே ஆள் ரெண்டு தடவ வந்து நிப்பாரு, ஒருத்தர்கிட்ட டேப் எல்லாம் இருக்கும், இன்னொருத்தர்கிட்ட நோட்டரி இருப்பாரு. அதனால சென்ட்னு அனுப்பாம டிராஃப்டா உருவாக்கி, ரெசிபியன்ட்ஸ டேப்ஸோட திருப்பி எடுத்து கண்ணால பாத்துட்டுதான் நாங்க அனுப்பறோம். டாக்குமென்டேஷன படிச்சு மனசுல மெர்ஜ் பண்ணிப் பாக்கறத விட இது மேல்.

கோடு முடிஞ்சாலும் டெம்ப்ளேட் முடியல. நோட்டரி சர்டிஃபிகேட்ல ஸ்டேட், கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) எழுதணும், அது பொதுவா நோட்டரி உக்காந்திருக்கற இடம், பாரோயர் இருக்கற இடம் இல்ல. பழைய டெம்ப்ளேட்ல பாரோயரோட கவுண்டி தானா விழற மாதிரி இருந்துச்சு. டெக்சாஸ் நோட்டரின்னா இது ஆன்லைன் நோட்டரைசேஷன்னு சர்டிஃபிகேட்லயே எழுதியிருக்கணும், பேப்பருக்குன்னு எழுதின வாசகம் ஆகாது. இத ஏபிஐ எதுவும் புடிக்காது. கிளையன்டோட லீகல் ஆளுங்க உக்காந்து நோட்டரி இருக்கற ஸ்டேட் வாரியா வாசகம் எழுதிக் குடுத்தாங்க, நாங்க அத தனித்தனி டெம்ப்ளேட்டாக்கி, நோட்டரியோட ஸ்டேட்ட பாத்து டெம்ப்ளேட் ஐடி எடுக்கற மாதிரி வெச்சோம். அந்த ஸ்டேட்டுக்கு டெம்ப்ளேட் இல்லன்னா என்வலப் உருவாகவே ஆகாது, எங்க பக்கமே எர்ரர் அடிச்சு நின்னுரும்.