மாற்றக் கூடாத ரிவிட்

விமானப் பராமரிப்பில் எனக்கு இருபது வருடப் பழக்கம். விரிசல் தெரிந்தால் அந்தப் பாகத்தைக் கழற்று, சிவப்பு அட்டை கட்டு, புதியதைப் போடு, கையெழுத்து வை. தயங்க இடமில்லை, விடிந்ததும் அதே விமானத்தில் இருநூறு பேர் ஏறப்போகிறார்கள். இப்படிப் பழகிய கையோடுதான் லண்டனுக்கு வடக்கே, லண்டன் கால்னியில் இருக்கும் டி ஹாவிலண்ட் விமான அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். முதல் சில மாதம் அந்தக் கையை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

சாலிஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையை ஒட்டிய இடம் அது. இரண்டாம் உலகப் போரின்போது மர விமானமான மொஸ்கிட்டோவை இங்கேதான் ரகசியமாக வடிவமைத்தார்கள். அதன் முதல் விமானம் இன்றும் அங்கே நிற்கிறது. 1959இல் பொதுமக்களுக்குத் திறந்த இந்த அருங்காட்சியகம் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில்தான் ஓடுகிறது. பலர் ஓய்வுபெற்றவர்கள். காலையில் வந்ததும் தேநீர், அப்புறம் நேராக வேலை.

எனக்குக் கிடைத்தது காமெட் 1ஏ. ஏர் பிரான்ஸுக்காகக் கட்டிய விமானம். இப்போது இறக்கைகள் இல்லை, உடல் மட்டும்தான். காமெட் ரகம் 1949 ஜூலை 27 அன்று, டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்த ஹாட்ஃபீல்டில் முதன்முதலாகப் பறந்தது. 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பயணிகளோடு கிளம்பியது. உலகில் பயணிகள் ஜெட் சேவை அன்றைக்குத்தான் தொடங்கியது. அந்த ஆகஸ்டிலேயே கொழும்புக்கும் வந்துவிட்டது. இரண்டே வருடத்தில் எல்லாம் தலைகீழானது. 1954 ஜனவரியில் எல்பா தீவருகே ஒரு காமெட் நடுவானில் பிளந்து 35 பேர் இறந்தார்கள். ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று, 21 பேர்.

காரணம் கேட்டால் எல்லாரும் 'சதுர ஜன்னல்' என்பார்கள். கிட்ட வந்து பார்த்தால் மூலைகள் நன்றாகவே வளைந்திருக்கும். அந்த வளைவு போதவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் உள்ளிருக்கும் காற்றழுத்தம் உடலை வெளியே தள்ளும், இறங்கும்போது விடும். கேபினைச் சுற்றியுள்ள தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. திறப்புகளின் மூலையில் அழுத்தம் அவர்கள் கணக்குப் போட்டதைவிடக் கூடுதலாகக் குவிந்தது. தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளான ரிவிட்டுகளின் துளைகளில் உலோகம் களைத்து விரிசல் விட்டது. இதைக் கண்டுபிடிக்க ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு முழுக் காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே நிரப்பிய தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். காற்றை அடைத்திருந்தால் குண்டு மாதிரி வெடித்துத் தடயமே மிஞ்சியிருக்காது. தண்ணீர் என்பதால் கிழிந்த இடம் கிழிந்தபடியே கிடைத்தது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கும் யோசனை இது. எல்பா கடலடியிலிருந்து எடுத்த கூரைத் துண்டு லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. விரிசல் கிளம்பிய மூலையை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

எங்கள் வேலையில் பெரும்பகுதி சுத்தம் செய்வதுதான். அலுமினியம் அரித்தால் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி கிளம்பும். நைலான் பஞ்சால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். இரும்புப் பிரஷ் பக்கத்திலேயே வரக்கூடாது. அதன் துகள் ஒட்டிக்கொண்டால் அதுவே அடுத்த அரிப்புக்கு வழி. ஒரு ஜன்னலைச் சுற்றியுள்ள தகட்டை முடிக்க எனக்கு நான்கு ஓய்வு நாள் போனது.

அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு ரிவிட் கோணலாக இருந்தது. தலை ஒரு பக்கம் சப்பையாகி, வரிசையை விட்டு லேசாக விலகியிருந்தது. என் கை தானாக ட்ரில்லைத் தேடிப் போனது. பக்கத்தில் நின்ற பெரியவர், ஹாட்ஃபீல்ட் தொழிற்சாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வுபெற்றவர், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதை விட்டுவிடுங்கள். அது ஒருவருடைய கை" என்றார்.

வேறு விளக்கம் சொல்லவில்லை. படம் எடுத்தோம், எண் போட்டோம், குறிப்பேட்டில் எழுதிவிட்டு அதை அப்படியே விட்டோம். அன்று வீட்டுக்குக் கார் ஓட்டிவரும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் புதிதாக அடித்திருந்தால் அந்த இடத்தில் என் ரிவிட் இருந்திருக்கும், காமெட்டின் ரிவிட் போயிருக்கும். என் வேலையில் விமானம் அடுத்த முறை பறக்க வேண்டும். இங்கே அது கட்டிய நாளில் எப்படி இருந்ததென்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் பணியிடத்தில்கூட, கழற்றிய பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டும் முன் வெளிச்சத்தில் திருப்பி ஒரு தடவை பார்ப்பேன். எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் ஓடியது என்று.

போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா வந்தபோது கூட்டிப்போனேன். கேபினுக்குள் ஓர் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி இருந்தார். கொழும்புக்கு ஜெட் வந்த செய்தியை அப்பு பேப்பரில் வாசித்துக் காட்டியது நினைவிருக்கிறதாம்.

"இதிலைதான் வந்தவையோ, தம்பி?"

"இது இல்லையப்பா. இதின்ரை கூடப்பிறந்தது."

இறங்கி வந்து அந்தக் கோணல் ரிவிட்டைக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். விரலால் மெல்லத் தடவினார். பிறகு கைக்குட்டையை எடுத்து, தன் விரல் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டார்.