ஜாம்கேட் பெண்கள் கற்ற மருத்துவம்

இலவச மருத்துவ முகாம்களுக்கு நன்கொடை தருபவர்களையும், விடுமுறை நாளில் அங்கே வந்து உழைக்கும் மருத்துவர்களையும் நான் மிகவும் மதிக்கிறேன். கண்புரை போல ஓர் அறுவை சிகிச்சையில் தீர்ந்துவிடும் நோய்க்கு முகாம் பெரும் உதவி. ஆனால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும், கர்ப்பிணியின் இரத்தசோகையும், குழந்தையின் எடைக்குறைவும் ஒரே நாளில் தீர்பவை அல்ல. நான் உதவிக்குச் சென்ற முகாம்களில் வரிசையில் நின்ற முதியவர்கள் ஒரு மாத மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் அவர்களுக்கு யார் அழுத்தம் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அங்கே ஒருவரிடமும் விடை இருந்ததில்லை. இந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டு, அதற்கொரு வழியையும் கண்டவர்கள் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் பணியாற்றிய ஆரோலே தம்பதியர்.

ரஜனிகாந்த் ஆரோலேயும் மேபெல் ஆரோலேயும் 1950களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். அகமதுநகர் மாவட்டத்தின் வடாலாவில் இருந்த மிஷன் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணிபுரிந்தபோது, வயிற்றுப்போக்கும் ஊட்டக்குறைவும் கொண்ட குழந்தைகள் குணமாகி வீடு திரும்புவதும், அதே நோயோடு மீண்டும் தூக்கிவரப்படுவதும் அவர்களை உறுத்தின. கட்டிலில் கிடப்பவருக்கு எவ்வளவு நன்றாகச் சிகிச்சை அளித்தாலும் நோய் பிறக்கும் இடம் ஊருக்குள் இருக்கிறது என்று உணர்ந்த அவர்கள், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்றுவிட்டு, 1970-இல் அதே மாவட்டத்தின் வறண்ட மூலையான ஜாம்கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஊர் மக்கள் முதலில் கேட்டவை தண்ணீரும் சோறும்தான். 1972-இல் மகாராஷ்டிரத்தைக் கடும் வறட்சி வாட்டியது. மருத்துவம் பார்க்க வந்தவர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வேலையிலும் இறங்க வேண்டியிருந்தது. அடிபம்புகளைத் தலித் மக்களின் குடியிருப்பில் அமைத்தார்கள். பொதுக்கிணற்றில் நீர் எடுக்க விடாமல் யாரைத் தடுத்தார்களோ, அவர்களுடைய தெருவுக்கே மற்றவர்களும் குடத்தோடு வந்தார்கள். சாதியைத் தொடாமல் ஒரு கிராமத்தின் வயிற்றுப்போக்கைக்கூடக் குணப்படுத்த முடியாது என்பதை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட மருத்துவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

அவர்களுடைய பெரிய பங்களிப்பு இதற்குப் பிறகுதான் வருகிறது. பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிய முதல் முயற்சி சரிவரவில்லை. வெளியூரிலிருந்து வந்த பெண்ணுக்கு அந்த ஊரில் தங்க மனமில்லை, ஊருக்கும் அவர் சொல்லைக் கேட்க மனமில்லை. ஆகவே ஒவ்வொரு கிராமமும் தன்னிலிருந்தே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும் என்று முடிவாயிற்று. வந்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் தலித் பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்களும் இருந்தார்கள். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து, இரவும் தங்கிப் பாடம் கற்றார்கள். வெவ்வேறு சாதிப் பெண்கள் ஒன்றாக உண்டார்கள். பலரைப் போர்த்தும் அளவுக்குத் தைக்கப்பட்ட ஒரே பெரிய போர்வையின் கீழ் உறங்கினார்கள்.

அவர்கள் கற்றவை எளியவை போலத் தோன்றும். கர்ப்பிணியின் வயிற்றைக் கையால் தொட்டுக் குழந்தை எப்படி இருக்கிறது என்று அறிவது, கால் வீக்கம் கண்டால் மருத்துவமனைக்கு அனுப்புவது, சோப்பால் கைகழுவிச் சுத்தமான பிளேடால் தொப்புள்கொடி அறுப்பது, வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தாமல் உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டுவது, மாதந்தோறும் எடை பார்ப்பது, காசநோயையும் தொழுநோயையும் தொடக்கத்திலேயே அடையாளம் காண்பது. பச்சிளங்குழந்தைகள் அன்று இறந்துகொண்டிருந்தது பெரும்பாலும் இவை யாருக்கும் தெரியாததால்தான். 1971-இல் ஆயிரம் பிறப்புக்கு 176 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன் இறந்த அந்தக் கிராமங்களில், 1990களில் அந்த எண்ணிக்கை 30-க்கும் கீழே வந்தது. கைமீறிய பிரசவங்களையும் அறுவை தேவைப்பட்டவர்களையும் ஏற்றுக்கொள்ள ஜாம்கேட்டில் குறைந்த கட்டணத்தில் மருத்துவமனை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அனுப்புவதற்கு ஓர் இடம் இல்லையென்றால் அந்தப் பெண்ணின் அறிவு பாதி வழியில் நின்றுவிடும்.

1979-இல் ஆசிய அளவில் வழங்கப்படும் மகசேசே விருது இருவருக்கும் கிடைத்தது. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது உருவான, கிராமத்துப் பெண்ணையே அவ்வூரின் சுகாதாரப் பணிக்கு அமர்த்தும் ஆஷா பணியாளர் என்ற ஏற்பாட்டின் வேர்களுள் ஜாம்கேட்டும் ஒன்று. ஆனால் ஆஷா பணியாளர்களில் பலர் இன்று இத்தனை தடுப்பூசிக்கு இவ்வளவு, இத்தனை பிரசவத்துக்கு இவ்வளவு என்று எண்ணித் தரப்படும் ஊக்கத்தொகையை நம்பி, உரிய ஊதியத்துக்காகத் தெருவில் நின்று போராடுகிறார்கள். ஆரோலே தம்பதியர் ஜாம்கேட் பெண்களோடு வாரந்தோறும் உட்கார்ந்து பேசிய நேரமும், அவர்கள் சொல்வதைக் கேட்ட பொறுமையும் அரசாணையில் இடம்பெறவில்லை. ஜாம்கேட் திட்டத்தின் உயிர் அங்கேதான் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். முகாம் நடத்தும் அறக்கட்டளைகளும் சங்கங்களும் அந்தந்த ஊரில் இந்தப் பணியைச் செய்யும் பெண்ணை முகாமுக்கு முன்பே கண்டுபிடித்து, மருத்துவருக்கு அருகிலேயே ஒரு நாற்காலி போட்டு அமர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும், அவர் சம்மதத்தோடு, மருத்துவரே அந்தப் பெண்ணிடம் அறிமுகப்படுத்தட்டும். எந்த மாத்திரை எதற்கு, எந்த அறிகுறி தோன்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே அனுப்ப வேண்டும் என்பதை அவருக்கு அமர்ந்து விளக்கட்டும். மேடைக்கும் பதாகைக்கும் ஆகும் பணத்தில் அவருக்கு நல்லதோர் இரத்த அழுத்தக் கருவியும் குழந்தைகளை நிறுக்கும் தராசும் வாங்கித் தர முடியும். அதற்கென்று கேட்டால் என்னால் இயன்ற நன்கொடையைத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.