துருவ ஒளி தெரிந்த இரவில் விமானம் ஏறலாமா?

2024 மே 10 இரவு லடாக்கின் ஹன்லே வானில் சிவப்பாகத் துருவ ஒளி தெரிந்தது. இப்படி ஒரு படம் பரவினாலே கூடவே கேள்வியும் வந்துவிடும்: நாளைக்கு அமெரிக்கா ஃப்ளைட், கைக்குழந்தையோடு ஏறலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடை அந்தப் படத்தில் இல்லை.

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா விண்வெளி வானிலையை மூன்று அளவுகோல்களில் சொல்கிறது. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியது என்பது ஜி. ரேடியோ அலை எவ்வளவு தடைபட்டது என்பது ஆர். சூரியனிலிருந்து எத்தனை புரோட்டான்கள் வந்து விழுகின்றன என்பது எஸ். துருவ ஒளி ஜி சம்பந்தப்பட்டது. உடம்பில் ஏறும் கதிர்வீச்சு எஸ் சம்பந்தப்பட்டது. அந்த மே மாதப் புயல் ஜி கணக்கில் உச்சமான 5, எஸ் கணக்கிலோ 2தான். அப்போது சூரியனிலிருந்து வந்த காந்த மேகம், விண்வெளியிலிருந்து வந்து எந்நாளும் விமானத்தைத் துளைக்கும் அண்டக்கதிரில் ஒரு பங்கைத் தடுத்தும் வைத்தது. 11ஆம் தேதி உயர் அட்சரேகை (துருவம் நெருங்கிய) நிலையங்களில் சூரியத் துகள்களால் சிறிய ஏற்றம் பதிவானது, அவ்வளவுதான்.

எஸ் எண்ணை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். அது 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) மேற்பட்ட எல்லாப் புரோட்டான்களையும் எண்ணுகிறது. அவற்றில் பெரும்பாலானவை விமானம் பறக்கும் உயரத்துக்கு வெகு மேலேயே காற்றில் அடங்கிவிடும். 12 கிலோமீட்டர் உயரத்தில் பாதிப்புக்கு நூற்றுக்கணக்கான மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 2003 அக்டோபர் புயலில் புரோட்டான் எண்ணிக்கை நோவாவின் அலகில் 29,500 வரை போனது, அதாவது எஸ்4. 2005 ஜனவரி 20 அன்று 2,000-க்குக் கீழேதான், எஸ்3. ஆனால் இரண்டாவதில் அதிவேகப் புரோட்டான்கள் ஏராளம். இவை காற்றில் மோதும்போது சிதறும் நியூட்ரான்களைத் தென்துருவத்தில் எண்ணும் கருவிகளின் அளவு சில நிமிடங்களில் பல மடங்கு எகிறியது. ஆகவே நோவாவின் புரோட்டான் வரைபடத்தைத் திறந்தால் மேலே இருக்கும் 10 கோட்டை விட்டுவிட்டு, 100, 500 என்று குறித்த கோடுகளைப் பாருங்கள். 500 கோடு வழக்கமான தட்டைநிலையை விட்டு எழும்பினால்தான் விமானிகள் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் உண்மையான சிக்கல். இந்தப் புரோட்டான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி வருபவை. சூரியனில் வெடிப்பைக் கண்ட சில நிமிடங்களிலேயே இங்கே வந்துவிடும்.

அடுத்தது பாதை. பூமியின் காந்தப்புலம் துருவத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, நம் பக்கம் இறுக்கிச் சாத்தியிருக்கிறது. ஊட்டியில் அண்டக்கதிரை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இருக்கும் இடத்தில் நுழைய ஒரு துகளுக்குச் சுமார் 17 ஜிகாவோல்ட் விறைப்பு, அதாவது காந்தப்புலத்தில் வளையாமல் வரும் வலு, வேண்டும். சூரியப் புரோட்டான்களுக்கு அந்த வலு அபூர்வம். சென்னை–சிங்கப்பூர், சென்னை–துபாய் பயணிகள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு சேவையின் முதல் விமானம் போனது போல வடதுருவத்தை ஒட்டிப் போகும் நீண்ட பயணங்களுக்குத்தான் மீதி.

சாதாரண நாளில் 38,000 அடியில் நம் பகுதியில் மணிக்கு 2 முதல் 3 மைக்ரோசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சின் அலகு), துருவப் பக்கம் 5 முதல் 7. பதினாறு மணி நேரப் பயணத்துக்கு ஏறத்தாழ 80 என்று வைத்துக்கொள்ளலாம். பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1,000. புயலில் மணிக்கு 30 என்று மூன்று மணி நேரம் நீடித்தால் 90 வரும். ஒரே பயணத்தில் இரண்டு பயணத்தின் அளவு. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போகிறவர் இதற்காக டிக்கெட்டை ரத்து செய்யத் தேவையில்லை. 1956 பிப்ரவரி 23 போன்ற ஒன்று வந்தால் கதை வேறு. அன்று உயர் அட்சரேகையில் பறந்தவருக்கு ஒரே பயணத்தில் சில ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஏறியிருக்கும் என்பது மதிப்பீடு.

ஜன்னல் ஓரத்தில் கதிர்வீச்சை அளக்கும் கையடக்கக் கீகர் கருவியை வைத்து எடுத்த வீடியோக்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அந்த உயரத்தில் அளவின் கணிசமான பங்கு நியூட்ரான்களால் வருகிறது. கீகர் குழாய்க்கு நியூட்ரான் அநேகமாகத் தெரியாது. அதனால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஜன்னல் இருக்கை, நடு இருக்கை என்ற வித்தியாசமும் இதில் இல்லை.

விமானிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விண்வெளி வானிலை அறிவிப்பு வருகிறது. அதில் ‘ரேடியேஷன் மாட்’ என்றால் மணிக்கு 30 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டியது, ‘செவ்’ என்றால் 80. ‘எச்.என்.எச்’ என்பது வட அட்சரேகை 60 முதல் 90 வரையான பட்டை. தரையில் இருந்தால் புறப்பாட்டை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளுவதே நல்ல வழி, ஏனென்றால் அதிவேகப் புரோட்டான்களின் உச்சம் சீக்கிரம் தணியும். வானில் இருந்தால் 6,000 அடி இறங்கினாலே அளவு ஏறக்குறைய பாதியாகும். ஆனால் கீழே எரிபொருள் அதிகம் குடிக்கும், இறங்க அனுமதியும் வேண்டும். அனுமதி கேட்கும், தொலைதூரத் தொடர்புக்கான எச்.எஃப் ரேடியோவைத்தான் அதே புரோட்டான்கள் துருவத்தில் ஊமையாக்குகின்றன. வட அட்சரேகை 82 டிகிரிக்கு மேலே, பூமத்திய ரேகைக்கு மேல் நிலையாக நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோளும் எட்டாது. எஸ்3 வந்தால் நிறுவனங்கள் துருவப் பாதையை விட்டு விலகுவதற்குக் கதிர்வீச்சைவிட இதுவே பெரிய காரணம்.

கர்ப்பிணியான பணிப்பெண்ணுக்குக் கணக்கு மிக இறுக்கம். அவர் தகவல் தெரிவித்த நாள் முதல் கர்ப்பகாலம் முடியும்வரை 1,000 மைக்ரோசீவர்ட், அமெரிக்க விமானத்துறையின் பரிந்துரைப்படி எந்த ஒரு மாதத்திலும் 500. போக வர 160 என்றால் ஏழாவது முறையிலேயே வரம்பைத் தாண்டிவிடும், அதுவும் புயல் எதுவும் இல்லாமல். சந்தேகம் உறுதியான அன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள். கேரி-7 என்ற இலவச மென்பொருளில் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மாதம், எந்த உயரத்தில் எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு பயணத்தையும் பதிந்து வையுங்கள். அது தருவது அண்டக்கதிரின் கணக்கு. புயல் நாளில் பறந்திருந்தால் அன்றைய அறிவிப்பின் அளவைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.