சிவந்த வில்லையும் எங்கள் வீட்டுக் குழாயும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் குழாய்நீரைச் சிரிஞ்சில் ஏற்றி, நீரில் கன உலோகம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும், ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறிய சவ்வு வில்லையின் வழியே மெல்ல அழுத்தியபோது, பச்சையாக இருந்த வில்லை சில நிமிடங்களில் முழுவதும் சிவந்துவிட்டது. அருகில் நின்ற அம்மா, "என்னடா இது, வெத்தலை போட்ட வாயாட்டம் செவந்துபோச்சு? இந்தத் தண்ணியத்தானே புள்ளைங்களுக்குக் குடுக்கறோம்" என்று பதறினார்.

வில்லையில் ஏற்றப்பட்டிருந்த சாயம் டைதைசோன். காரீயத்தோடு சேர்ந்தால் அதன் பச்சை மாறிச் சிவப்பாகும். (ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் இருப்பது வெள்ளீயம், அது வேறு.) குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலை வகுத்த வரம்பு. இவ்வளவு சொற்பமான அளவைச் சோதனைத்தாளை வெறுமனே நனைத்துக் கண்டறிவது கடினம். சவ்வோ, வரம்பளவு காரீயம் உள்ள 100 மில்லி நீரை உள்ளே விட்டால், அதில் பரவிக் கிடக்கும் 1 மைக்ரோகிராம் காரீயத்தைத் தன் நுண்துளைகளில் பிடித்து ஒரே இடத்தில் குவித்துக் கண்ணுக்குக் காட்டுகிறது. இந்த எளிமைதான் என்னை இதன்பால் ஈர்த்தது.

ஆனால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது எங்கள் நீரில் காரீயம் வரம்புக்குள்ளேயே இருந்தது. வில்லையைச் சிவக்கவைத்தது துத்தநாகம். அண்மையில் மாற்றிய ஜி.ஐ. குழாயின் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உட்பூச்சிலிருந்து அது கரைந்து வந்திருக்கிறது. துத்தநாகத்துக்குத் தரநிலை ஏற்கத்தக்கதாகச் சொல்லும் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம், அதாவது காரீயத்தைப் போல 500 மடங்கு. டைதைசோனோ இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே சிவப்பைத்தான் காட்டும். நீரின் அமிலக் காரத் தன்மையைச் சரிசெய்தால் உலோகங்களை ஓரளவு பிரித்தறியலாம்: பாதரசம் கடும் அமிலத்திலும் சாயத்தோடு சேரும், காரீயத்துக்குச் சற்றே காரம் வேண்டும். குரோமியத்துக்கு வேறு சாயம், ஆர்செனிக்குக்கு வேறு முறை. ஆகவே நிறம் மாறினால் எந்தக் கிணற்று நீரை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை மட்டுமே வில்லை சொல்கிறது. அதற்கு மேல் அதனிடம் தீர்ப்புக் கேட்கக் கூடாது என்பதே என் கருத்து.

அம்மா அன்றிலிருந்து தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தருகிறார். கிருமிக்கு அது நல்லது; உலோகமோ ஆவியாகிப் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும் என்று அவருக்கு விளக்கினேன்.

வரும் ஞாயிறு சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாட்டில் உள்ள அத்தை வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை எடுக்கப் போகிறேன். வில்லைகளோடு, நைட்ரிக் அமிலம் சில துளிகள் விட்ட ஆய்வகப் புட்டி ஒன்றையும் இம்முறை எடுத்து வைத்திருக்கிறேன்.